பன்னிரண்டாம் செக்டார் விரிப்பு

1979ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், டெல்லி ஆர்.கே.புரம் பன்னிரண்டாம் செக்டாரில், செக்‌ஷன் ஆபீசர் ராமமூர்த்தியின் மகள் வத்சலா பதினோரு நாட்கள் ஒரு படுக்கை விரிப்பில் வசித்தாள். விரிப்பு அவள் அம்மா ருக்குவுடையது. வெள்ளை, இரட்டைக் கட்டில் அளவு. குடியிருப்புச் சங்கத்தார் மைதானத்தில் சினிமாத் திரை கட்ட அதை இரவல் வாங்கியிருந்தார்கள். காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும் பிழைத்து வருகிற பழைய ஆங்கிலப் படம், மூன்று ரீல். புரொஜெக்டர் ஓட்டியவன் வேணு. அவன் வேலை டெம்பரரி என்பதால் ராமமூர்த்தி ஜனவரியிலேயே பெண் தர மறுத்திருந்தார். வத்சலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காரணத்தால், வேணு முதல் ரீலுக்குப் பிறகு மூன்றாவதைப் போட்டுவிட்டான். விமானம் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் இரண்டாவதைப் போட்டால் காட்டில் ஆளே இல்லை. “அரே பையா, ஹீரோ எங்கேப்பா?” என்று கூட்டம் விசிலடித்தது. தப்பு தன்னுடையது என்று வேணு திரைக்குள் ஏறினான். ஈர விறகில் அவன் தீக்குச்சிகளை வீணாக்குவதைப் பார்த்துப் பொறுக்காமல் வத்சலாவும் பின்னால் போனாள்.

ரீல் தீர்ந்தும் காடு விரிப்பை விட்டுப் போகவில்லை. மறுநாள் மூன்றாவது ரீலை ஓட்டினார்கள். விமானம் வந்தது, வத்சலா ஏறவில்லை. “அப்பா சம்மதிச்சாத்தான் வருவோம்!” என்றாள். தினமும் ஏழு மணிக்கு விமானம் வந்து காலியாகத் திரும்பியது. அக்கம்பக்கத்தார் வேர்க்கடலையோடு வந்து பார்த்தார்கள். அதற்குள் குடிசை எழும்பிவிட்டது. வேணு தேனெடுக்கக் கற்றிருந்தான்.

பதினோராம் நாள், நாளைக்கு ரீல் திரும்ப வேண்டும் என்று கரோல் பாக்கிலிருந்து, படத்தை வாடகைக்குத் தந்த கம்பெனி ஆள் வந்து சொன்னான். ரீல் போனால் விமானமும் போச்சு.

“உங்க ஃபைலை இன்னிக்கே முடிங்கோ” என்றாள் ருக்கு.

“எதுவா இருந்தாலும் எழுத்திலே வரட்டும்.”

வேணு அகன்ற இலையில் கரியால் விண்ணப்பம் எழுதினான். விமானக் காற்று அதை ராமமூர்த்தியின் மடியில் போட்டது. அவர் இரண்டு முறை படித்து, ‘தற்காலிகமாக அனுமதிக்கலாம்’ என்று எழுதினார். ருக்கு பேனாவைப் பிடுங்கி முதல் வார்த்தையை அடித்தாள்.

“போடுங்கோ கையெழுத்தை!”

போட்டார். விமானம் இருவரையும் சேற்றுக் காலோடு மைதானத்தில் இறக்கியது. மே மாதம் மலை மந்திர் முருகன் கோவிலில் கல்யாணம். வேணு நிரந்தரமானது 1984இல்.

விரிப்பு இப்போது சரோஜினி நகரில் அவர்கள் குவார்ட்டர்ஸில் இருக்கிறது. ஜூனில் கரண்ட் போனால் தரையில் விரித்துப் படுக்கிறார்கள். அதிலுள்ள காட்டின் ஓடைக் காற்று போதுமானது. காலையில் குழந்தைகள் ஈரக் காலோடு எழுந்து வந்தால், “ஆடினது போறும், ஜல்தி, ஸ்கூல் பஸ் வந்துடும்” என்று வத்சலா துண்டை நீட்டுவாள்.