வரிசையில் கிடைத்த மூன்று மணி நேரம்

இருசப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மலேசியாவின் கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் குலையை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் கொட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஏற்ற ஒரு மணி நேரம், ஓட்ட முக்கால் மணி நேரம், ஆலை வாசலில் வரிசையில் நிற்க மூன்று மணி நேரம். காய்ப்பு கூடிய மாதங்களில் நாலு, நாலரைகூட ஆகும்.

அந்த மூன்று மணி நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு மனிதர்கள் மேல் இருந்த மதிப்பு போய்விட்டது. ஒருவன் ஸ்டியரிங் மேல் காலைப் போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். இன்னொருவன் முன்னால் நிற்கும் லோரிக்காரனுக்கே கைப்பேசியில் குரல் செய்தி அனுப்பிச் சிரிப்பான். இறங்கிப் பத்தடி நடந்தால் முகத்தைப் பார்த்தே பேசிவிடலாம். அப்பளசாமி என்று ஒருவன். முந்தின நாள் கனவில் பாம்பு வந்தால் அதன் நீளத்தை வைத்து நாலு நம்பர் லாட்டரி எழுதுவான். பாம்பு வரவில்லையென்றால் வராததற்கும் ஒரு நம்பர் வைத்திருப்பான். இத்தனை பேரும் வாரக் கடைசியில், "நேரமே இல்லண்ணே" என்று சொல்வதுதான் இருசப்பனுக்குத் தாங்காது.

அவருக்கு நேரம் தேவைப்பட்டது. காரணம் ஒரு கித்தார்.

குடலிறக்க அறுவை செய்து இரண்டு வாரம் வீட்டில் படுத்திருந்தபோது கைப்பேசி தானாக ஏதோ ஒரு காணொளியை ஓட்டியது. முதலில் யாரோ ஒரு பெண் அழுகிறாள் என்று நினைத்தார். பார்த்தால் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் மேசை மாதிரி ஒன்றின் முன் உட்கார்ந்திருந்தார். மேசையின் மேல் பத்துக் கம்பிகள். இடது கையில் எஃகு உருளை. வலது கை விரல்களில் தகர நகங்கள். பாதம் மிதிகளை அமுக்க, முழங்கால் பக்கத்திலிருந்த நெம்புகோலைத் தள்ளியது. முகத்தில் மட்டும் ஓர் அசைவும் இல்லை. அதன் பெயர் பெடல் ஸ்டீல் கித்தார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு நாளானது. ஒரு காலத்தில் ஓட்டல்களில் வாசித்துக்கொண்டிருந்த கிள்ளான் சீனக் கிழவரிடமிருந்து பழையது ஒன்றை வாங்க இன்னும் ஆறு மாதமானது.

அதைத் தொட்ட முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிவிட்டது. இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால் எல்லாம் வேறு வேறு வேலை செய்யும். ஐம்பத்தெட்டு வயதுத் தலை அவ்வளவையும் மேய்க்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் உண்டு. புக்கிட் ரோத்தானில் இருந்த வீட்டில் அந்த ஒரு மணி நேரம் இல்லை. மனைவி கண்மணி காலை வியாபாரத்துக்கு இடியப்பம் செய்கிறவள். மாலையானால் மாவு, தேங்காய், தட்டு என்று வீடே ஆலையாகிவிடும். போதாததற்குப் பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால், அன்று காலை ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, நேற்று எவ்வளவு, அதற்கு முந்தின நாள் எவ்வளவு என்று எட்டு மணி வரைக்கும் சொல்வார்.

ஆகவே இருசப்பன் கித்தாரை ஆலைக்குக் கொண்டு போனார்.

பெட்டியிலிருந்து எடுத்து நாலு காலையும் முடுக்கி, மிதிகளின் கம்பிகளைக் கொக்கியில் மாட்டப் பத்து நிமிடம் ஆகும். வேலியோரத்தில் மழைமரம் ஒன்று இருந்தது. அதன் நிழலில், சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருந்த புல்லில், அதை நிறுத்தினார். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பேட்டரியில் ஓடும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து காதுக்கு ஒரு காதொலிப்பான். வரிசை நகர்ந்தால் விரலில் மாட்டிய நகங்களோடு ஓடிப்போய் லோரியைப் பத்தடி முன்னால் தள்ளி நிறுத்திவிட்டு மறுபடி வந்து உட்காருவார்.

முதல் நாளே அப்பளசாமி வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

"என்னாடா?"

"இஸ்திரிப் பலகைதானேண்ணே இது? அப்படியே நம்ம சட்டையையும் ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்க லா."

வரிசை முழுக்கச் சிரித்தது. இருசப்பன் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டார். இவன்கள் சிரிப்பதற்குக்கூடப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க மாட்டான்கள், இன்னும் ஒரு மாதத்துக்கு இந்தச் சட்டைதான் என்று நினைத்தார். ஒரு மாதத்துக்கு அந்தச் சட்டைதான்.

அவர் அசரவில்லை. பதினான்கு மாதம், வாரத்தில் ஐந்து நாள், வெயிலிலும் குலை வாடையிலும் நூறு இஞ்சின்களின் உறுமலிலும் வாசித்தார். இணையத்தில் பாடம் சொல்லும் ஓர் அமெரிக்கர் பேசுவதில் பாதி அவருக்குப் புரியாது. புரிந்த பாதியை விடாமல் செய்தார். ஒரு மெதுவான பாட்டின் முதல் பன்னிரண்டு வரி கைக்கு வந்தது. முழங்கால் சொன்னபடி கேட்டது. தூங்குகிறவன்களைப் பார்க்கும்போது முன்பு எரிச்சல் வரும். இப்போது ஒருவித நிம்மதி வந்தது. இருபத்தாறு வருடமாக இதே மூன்று மணி நேரம் எல்லோருக்கும்தான் கிடைத்தது. எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். வீட்டிலும் ஒரு நாள் சொன்னார். கண்மணி, "ஆமா, பெரிய ஆளுதான். அந்த வாளிய இங்கிட்டு நகத்துங்க" என்றாள்.

பதினைந்தாம் மாதத்தில் ஆலை நிர்வாகம் வரிசையை ஒழித்துவிட்டது.

புதிதாக வந்த மேலாளர் கைப்பேசியில் நேரம் பதிகிற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். பத்து மணி என்றால் பத்து மணிக்கு வா, எடை போடு, கொட்டு, போ. முதல் நாள் இருசப்பன் வாசலுக்குள் நுழைந்து வெளியே வர இருபத்திரண்டு நிமிடம்தான் ஆனது. மழைமரத்தடியில் ஒரு மாடு படுத்திருந்தது. அப்பளசாமி எல்லோருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்தான்.

"இனிமே வெயில்ல காய வேணாண்ணே!" என்று ஒரு பொட்டலத்தை இவர் கையிலும் திணித்தான்.

அந்த வட்டாரத்திலேயே அன்று துக்கப்பட்ட ஒரே லோரிக்காரர் இருசப்பன்தான். அதையும் வெளியே சொல்ல முடியாது.

மிச்சமான நேரம் அவரிடம் வந்து சேரவில்லை. லோரியின் முதலாளி தவுக்கே அதை எடுத்துக்கொண்டார். இரண்டு நடை போன இடத்தில் இப்போது நாலு நடை. வீட்டுக்கு வரும்போது ஆறே முக்கால். குளித்துவிட்டு வந்தால் நாற்காலியில் கார்த்திகேசு.

"என்ன இருசப்பன், இண்டைக்குக் காலமை எனக்குச் சீனி எட்டுக்கு மேல போட்டுது. நேற்று ஏழுதான். என்னெண்டு கூடினது?"

"நீங்க என்னா தின்னீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அதுதான் நானும் யோசிக்கிறன்."

யோசிக்க அவருக்கு நாள் முழுக்க இருந்தது. இருபது வருடமாக இருந்தது. அதைக் கொண்டுவந்து அடுத்தவன் வீட்டில் இறைக்கிறாரே என்று இருசப்பனுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். மூன்று வாரம் கித்தார்ப் பெட்டி திறக்கப்படாமல் கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒரு விடுமுறை நாளில் கார்த்திகேசு மருத்துவமனைக்குப் போயிருந்தார். இருசப்பன் கித்தாரைக் கூடத்தில் நிறுத்தினார். காதொலிப்பானின் கம்பி எங்கேயோ அறுந்திருந்தது. ஒரு காதிலும் சத்தம் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஒலிபெருக்கிப் பெட்டியின் ஒலியைத் திறந்துவிட்டு வாசித்தார். முதன்முறையாக அந்தச் சத்தம் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பன்னிரண்டு வரியையும் ஒரு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை பாதியில் இருக்கும்போது கண்மணி மாவுக் கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"இப்படித்தான் வாசிக்கணுமா இத?"

"எப்படி?"

"எல்லாம் கொஞ்சம் எறங்கி எறங்கி நிக்குது. ஏறி வந்து, போய்ச் சேர்ற எடத்துக்கு முன்னாலயே நின்னுக்குது."

இருசப்பன் சிரித்தார். இடியப்ப அச்சைப் பிழிகிறவளுக்குப் பெடல் ஸ்டீலில் குற்றம் சொல்ல வந்துவிட்டது! "ஒனக்கு என்னா தெரியும்? போய் வேலையப் பாரு."

"எனக்கு ஒன்னும் தெரியாது. காது இருக்கு, கேக்குது" என்று அவள் உள்ளே போனாள்.

அவளைத் தோற்கடித்தே ஆக வேண்டும் என்றுதான் அவர் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை இறக்கினார். கம்பிகளைத் தனியாகத் தட்டிப் பார்த்தார். பத்தும் சரி. எஃகு உருளையை, கம்பிகளுக்குக் கீழே வரைந்திருந்த கோடுகளில் மூன்றாவதன் மேல் வைத்துத் தட்டினார். முள் நடுவுக்கு வராமல் இடது பக்கம் நின்றது. ஐந்தாம் கோட்டிலும் இடது. எட்டிலும் இடது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். பதினொரு இடத்தில் பார்த்தார். பதினொன்றிலும் ஒரே அளவில், ஒழுங்காக, பயிற்சி பெற்ற மாதிரி, இறங்கி நின்றது.

காரணம் புரிய அரை மணி நேரமானது. இந்தக் கித்தாரில் கோடு என்பது கண்ணுக்கு அடையாளம் மட்டும்தான். உருளை சரியாக அதற்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு நெல் அளவு முன்னால் நின்றாலும் சுருதி இறங்கிவிடும். மழைமரத்தடியில் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்து சாய்ந்தே பார்த்திருக்கிறார். அப்படிப் பார்க்கும்போது உருளை கோட்டின் மேல் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. காதாவது சொல்லியிருக்கும்; அதைத்தான் இஞ்சின்கள் மறைத்துவிட்டன. பதினான்கு மாதம் அவர் தவறை மட்டும் பழகியிருக்கிறார். நன்றாகப் பழகியிருக்கிறார்.

அப்பளசாமி இந்தப் பதினான்கு மாதத்தையும் நம்பர் எழுதிக் கழித்தவன். அவன் கை ஒன்றையும் தப்பாகக் கற்றுக்கொள்ளவில்லை. இது தோன்றியதும் இருசப்பனுக்கு வாய் கசந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரையும் விடப் பெரிய முட்டாள் கவிழ்த்த மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவன்தான். அவன்களிடம் காட்டிய ஏளனத்தை இப்போது எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

மூன்றாம் நாள் காலை தவுக்கேயிடம் போய், தனக்கு இனி நாலாம் நடை வேண்டாம், வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். உடம்பு சரியில்லையா என்று தவுக்கே மலாயில் கேட்டார். இல்லை, கித்தார் பழக வேண்டும் என்றார் இருசப்பன். தவுக்கே கணக்கு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கி, பல் தெரிய, "சூடா துவா லா இருசப்பன்!" என்றார். கிழவனாகிவிட்டாயே என்று அர்த்தம். இருசப்பன் சாவியை எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து இருட்டும் வரை மூடிய அறையில் குளிர்காற்றுப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து எண்களைத் தட்டுகிற ஆள், அடுத்தவனின் வயதைச் சொல்ல வந்துவிட்டார் என்று படியிறங்கும்போது நினைத்தார்.

அன்று மாலை கார்த்திகேசுவை வாசல் படலையிலேயே நிறுத்தினார்.

"அஞ்சரையில இருந்து ஏழு வரைக்கும் எனக்கு வேலை இருக்குங்க. ஏழுக்கு மேல வாங்க."

"இந்த வயசில உமக்கு என்ன வேலை?"

"பாட்டு பழகுறேன்."

கார்த்திகேசு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கெல்லாம் சின்ன வயசிலயே தொடங்க வேணுமல்லோ?"

"சின்ன வயசுல குலை ஏத்திக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு இருசப்பன் படலையைச் சாத்தினார். கார்த்திகேசு நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் சரியாக ஏழு ஐந்துக்கு வந்தார்.

திரும்பத் தொடங்குவது புதிதாகத் தொடங்குவதைவிடக் கொடுமையாக இருந்தது. கை பழைய இடத்துக்கே ஓடியது. கண்ணை நம்பாமல் காதை நம்ப வேண்டும். அவர் காதோ வாழ்நாள் முழுக்க இஞ்சின் பக்கத்தில் இருந்தது. பாட்டைத் தூக்கிப் போட்டார். ஒரே ஒரு சுரத்தில் போய் நிற்பதை மட்டும் நாற்பது, ஐம்பது தடவை செய்தார். அடுக்களையில் கண்மணி அச்சைத் திருகிக்கொண்டே, கேட்காமலேயே, "எறக்கம்" என்பாள். கொஞ்சம் கழித்து, "இப்ப கூடிப்போச்சு" என்பாள். சில நாள் ஒன்றும் சொல்ல மாட்டாள்; அது நன்றாக இருந்ததாலா, தேங்காய் துருவும் சத்தத்தில் கேட்கவில்லையா என்று அவருக்குத் தெரியாது. கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒரு தடவை, "நீ எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். "கத்துக்கிறதுக்கு எனக்கு எங்க நேரம்?" என்று பதில் வந்தது.

ஐந்து மாதம் போனது. ஒரு சனிக்கிழமை முன்னிரவு, பழைய பன்னிரண்டு வரிகளில் மூன்றை அடுத்தடுத்து வாசித்தார். உருளை போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. முழங்கால் தள்ளியபோது சுரம் வளைந்து ஏறி அசையாமல் இருந்தது. நாலாவது வரியில் சொதப்பினார். தகர நகங்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

"ஒன்னரை மணி நேரம் வாசிச்சேன். அதுல அஞ்சு நிமிஷம் சரியா இருந்திச்சு" என்றார்.

"அஞ்சு நிமிஷமா?" கண்மணி நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "பரவால்லயே. சரி, அத மடிச்சு வச்சிட்டு வாங்க. மாவு மூட்டை வந்திருக்கு, கூடத்துலதான் எறக்கணும்."

இருசப்பன் போய் மிதிகளின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து கழற்றத் தொடங்கினார்.