மூலைக்கு ஒரு துண்டு

பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பழைய பத்திரிகைகள் இலவசம். காத்திருப்பவர்கள் புரட்டிப் புரட்டி நைந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போய் வெட்டுவாள். சோப்பு விளம்பரத்திலிருந்து வானம், கார் விளம்பரத்திலிருந்து தெரு. வெட்டியதையெல்லாம் ஒரு பலகைமேல் பரப்பி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். ஒட்டுவது மட்டும் கிடையாது. ஒட்டிவிட்டால் அது அதுதான். ஒட்டாதவரை எதுவாகவும் இருக்கலாம் என்பது அவள் கட்சி. இப்படியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள். ஒரு படம்கூட முடிந்தபாடில்லை.

இந்தமுறை தப்பிக்க வழியில்லை. தெருமுனை நூலகத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். இவளும் வீராப்பாகப் பெயர் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேரவேண்டும். ஒரு வீடு, அதில் ஜன்னல், அலமாரி, பறக்கும் மீன். ஆறு வாரம் நகர்த்தியதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அரைநாள் வேலை முடித்து வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை கிளம்பிப் போனாள்.

ஒரு மணிக்குத் திரும்பினால் கணவர் வாசலிலேயே நிற்கிறார். மலையைப் புரட்டிப் போட்டவர் மாதிரி முகத்தில் பெருமை. அவர் தொழில் டைல்ஸ் பதிப்பது.

"ஃபேனைப் போட்டேன், எல்லாம் பறந்துடுச்சு," என்றார். "கவலைப்படாத. பொறுக்கி அந்தப் பலகையிலயே ஒட்டிட்டேன்."

ஒட்டித்தான் இருந்தார். கோணல் ஓரங்களை நேராக நறுக்கி, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக இரண்டு மில்லிமீட்டர் விட்டு. மட்டம் வேறு வைத்துப் பார்த்திருக்கிறார். மீன் பறப்பதை நிறுத்திவிட்டு அலமாரிக்குப் பக்கத்தில் அடக்கமாக நின்றது.

"எதை வெச்சு ஒட்டுனீங்க?"

"நம்ம டைல்ஸ் பசைதான். உன் பசையெல்லாம் பிள்ளைங்க வெளையாட்டு. இது அரை மணியில கல்லு. வீடே விழுந்தாலும் இது விழாது."

அவள் மீனின் ஓரத்தில் நகத்தை விட்டாள். சுரண்டிப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது.

"ஒரே ஒரு குறை," என்று அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பத்திரிகையில் வெட்டிய, கோட் போட்டு நேரே பார்த்து நிற்கும் ஒரு ஆள். விரல் நீளம். "இவன் மேசைக்கு அடியில கெடந்தான். எங்க இருந்தான்னு எவ்வளவு யோசிச்சும் பிடிபடல."

அந்த ஆள் போன வாரமே நீக்கப்பட்டவன். எங்கே நிறுத்தினாலும் படத்துக்கு மூச்சு முட்டியது; எடுத்துப் போட்டதும் காற்று வந்தது. இருந்த ஆத்திரத்தில் அதை அப்படியே சொல்லிவிட்டாள்.

"அவன் எங்கயும் இல்ல. அவன் இல்லாமதான் வீடு நல்லா இருந்துச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன்."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்ப் பட்டது என்று தெரிந்தது. கணவர் அந்த ஆளை ஒருமுறை பார்த்தார். திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"மிஞ்சின துண்டை நான் தூக்கிப் போடறதில்ல," என்றார். "கடைசியில ஏதாவது மூலைக்கு ஆகும்."

மணி ஒன்றரை. அவள் பென்சிலை எடுத்து, அவருடைய நேர்வரிசைகளின் குறுக்கே கோணல்மாணலாகக் கோடுகள் இழுத்தாள்.

"டைல்ஸ் அறுக்கற மெஷினை எடுங்க. கோட்டுமேலயே அறுக்கணும்."

"நல்லா இருக்கறதப் போய் அறுக்கச் சொல்றியே!"

மனசே இல்லாமல் பிளேடு மாற்றினார். ஆனால் கோடு பிசகவில்லை. பலகை பதினொரு துண்டாயிற்று. அதையெல்லாம் பெரிய பலகைக்கு மாற்றித் திருப்பினாள், நகர்த்தினாள். வரிசைகள் ஆளுக்கொரு திசையில் ஓடின. பாதி மீன் ஜன்னலுக்கு வெளியே பறந்தது. அவள் ஆறு வாரம் அடுக்கியதைவிட இது நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் எரிச்சலாக இருந்தது. "ஒட்டுங்க," என்று அவளே சொன்னாள்.

நாலு மணிக்கு வலது மூலையில் ஒரு சின்ன இடம் மிஞ்சியது. விரல் நீளம். அவரும் பார்த்தார். கை சட்டைப் பைமேல் போய் இருந்தது.

"குடுங்க அவனை."

நிமிர்த்தி வைத்தால் தோள் இடித்தது. சாய்த்தால் கால் நீட்டிக்கொண்டு நின்றது. தலைகீழாக வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தான். அவளுக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

"தலைகீழா நிக்கறானே."

"பரவால்ல, எடம் கெடைச்சுதே," என்று அவர் பசை டப்பாவை நீட்டினார்.

அவள் தன் விரலாலேயே பசையை எடுத்து, அவன் முதுகு முழுக்கத் தடவினாள்.