சிங்கத்துக்கு முன்னால் ஓர் இஞ்சாருங்கோ

கனகலிங்கத்துக்குச் சிங்கத்தைக் கண்டால் பயம் என்று யாராவது சொன்னால் அது சுத்த அவதூறு. அவர் சிங்கத்தைக் கண்டதே இல்லை. காணாமலே பயம். லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைனில் கோடி தடவை ரயிலை இருட்டுக்குள் கொண்டுபோய் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மனிதர்தான். ஆனாலும் ஈஸ்ட் ஹாமில் பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் குந்தியிருந்து ஒரு பார்வை பார்த்ததென்றால், கையில் பிடித்த குப்பைப் பையோடு திரும்பி வீட்டுக்குள் வந்துவிடுவார். பூனை இறங்கும்வரை குப்பை குசினிக்குள்தான்.

இப்பேர்ப்பட்டவருக்கு, வேலையிலிருந்து ஓய்வுபெற்றதற்குப் பரிசாக, ஈஸ்ட் ஹாமுக்கு அடுத்த ஸ்டேசனான பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் மகள் தர்மிகா ஸாம்பியாவில் ஒரு சபாரி ஒழுங்கு செய்து கொடுத்தாள். ஜீப்புக்குள் இருந்து பார்க்கிற சபாரி என்றாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வரலாம். இது நடக்கிற சபாரி. தோளில் துவக்கோடு ஒருவர் முன்னுக்குப் போக, மற்றவர்கள் பின்னால் வரிசையாக, சிங்கமும் யானையும் காட்டெருமையும் குடும்பம் நடத்துகிற காட்டுக்குள் கால்நடையாகப் போகவேண்டும். சிங்கத்தின் வீட்டுக்கு நடந்தே போய்க் கதவைத் தட்டுவது என்றுதான் கனகலிங்கத்துக்குப் பட்டது.

மனைவி தவநாயகிக்கோ நிலத்தில் கால் நிற்கவில்லை. அன்றே போய் மண்ணிறத்தில் காற்சட்டை வாங்கினாள். இருவருக்கும் தொப்பி வாங்கினாள். கனகலிங்கத்தின் தொப்பி நல்லூர்த் திருவிழாவுக்குக் குடை பிடிக்கப் போதும்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, நான் வரேல்லை" என்று ஐந்து சொல்லில் விசயத்தை முடித்திருக்கலாம். அந்த ஐந்து சொல்லுந்தான் வாயால் வரவில்லை. கட்டின நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் பயப்படாத மனிதராக நடித்துவிட்டார். இனி வேசம் கலைக்க ஏலுமோ?

அவருக்கு இருந்தது ஒரேயொரு நம்பிக்கை. சபாரி நடத்துகிறவர்கள் புறப்பட முன்னர் லண்டனிலேயே ஒரு பரீட்சை நடை வைப்பார்கள். ரிச்மண்ட் பார்க்கில், மான்கள் உலாவுகிற இடத்தில். அதில் தேறாதவருக்கு ஆபிரிக்கா இல்லை. கனகலிங்கம் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் கோட்டைவிட முழுமூச்சாக ஆயத்தமானார்.

ஒக்டோபர் மாதம், சனிக்கிழமை காலை. பூங்காவின் வாசலில் வழிகாட்டி இசபெல் நின்றாள். வெள்ளைக்காரி. இருபது வருசம் ஸாம்பியக் காட்டில் நடந்தவள். சிங்கம் அவளைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கி "குட் மோர்னிங்" சொல்லும் என்பது போன்ற முகம். கூடவே கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்த குருமூர்த்தி. அவரும் ஓய்வுபெற்றவர்தான். மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே ஸாம்பியா போக இருந்தார்.

"அண்ணை, நடுங்கிறியளோ?" என்றார் குருமூர்த்தி.

"குளிர்."

"எனக்கு வேர்க்குது."

இசபெல் விதிகளைச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டும். கதை கூடாது. ஓடவே கூடாது. "எது ஓடுகிறதோ அதைத்தான் சிங்கம் சாப்பாடு என்று நினைக்கும்" என்றாள். பிறகு முக்கியமான விதி. முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர்தான் கண். ஆபத்தைக் கண்டால் முன்னால் இருப்பவரின் பெயரைச் சொல்லவேண்டும். பெயர் மட்டும். பெயர் கேட்டவர் அந்த இடத்திலேயே கல்லாக நிற்கவேண்டும்.

இசபெல் முன்னால், அடுத்தது குருமூர்த்தி, அவருக்குப் பின்னால் கனகலிங்கம், கடைசியில் தவநாயகி. புல்வெளியில் ஒரு ஒத்திகை பார்த்தார்கள். நாலடி நடந்ததும் இசபெல் திரும்பாமலே, "இப்போது இடது பக்கம் சிங்கம். உங்கள் கணவரை நிறுத்துங்கள்" என்றாள்.

தவநாயகி தொண்டையைச் செருமி, வீட்டில் புருசனைக் கூப்பிடுகிறபடியே, "இஞ்சாருங்கோ" என்றாள்.

கனகலிங்கம் திரும்பி அவளிடம் போனார். குருமூர்த்தியும் திரும்பி அவளிடம் போனார். இரண்டு பேரும் அவளுக்கு முன்னால் போய் நின்று, என்ன வேணும் என்பதுபோலப் பார்த்தார்கள்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள்?" என்று குருமூர்த்தியிடம் கேட்டாள் தவநாயகி.

"தெரியேல்லை அக்கா. வீட்டில அப்பிடிக் கூப்பிட்டால் போகாட்டிப் பிரச்சினை. கால் தானா வந்திட்டுது."

"இருவரும் இறந்துவிட்டீர்கள்" என்றாள் இசபெல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போல. "பெயரைச் சொல்லச் சொன்னேனே?"

தவநாயகியின் முகம் கறுத்துப்போனது. புருசனின் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னவள் அல்ல. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அவளுடைய தாய் சொல்லி அனுப்பியது. ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் காட்டுவாள். மற்றவர்களிடம் "தர்மிகான்ர அப்பா" என்பாள். கோவிலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது லிங்கம் என்ற சொல் வந்தால்கூட அந்த இடத்தில் மட்டும் உதட்டை மூடிவிட்டு, தாண்டியதும் திறப்பாள். சிவபெருமானே அதைப் பார்த்துப் பழகிவிட்டார்.

"ஸ்டொப் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொன்னால் நாங்கள் எல்லோரும் நிற்போம். யாருக்கு ஆபத்து என்று யாருக்கும் தெரியாது. காட்டில் ஒரு பெயர் ஒரு காதுக்குத்தான் போகும். இந்த நடை முடிய முன்னர் அந்தப் பெயரை நான் ஒருதடவையாவது கேட்கவேண்டும். கேட்காவிட்டால் உங்கள் இருவரையும் கூட்டிப்போக முடியாது."

கனகலிங்கத்தின் நெஞ்சுக்குள் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக முழங்கின. கதவு திறந்துவிட்டது. அதுவும் தன் கையால் தள்ளாமலே. அந்தக் கணத்திலிருந்து அவர் தமிழ்ப் பண்பாட்டின் காவலரானார்.

"இஞ்ச பார், பிள்ளை" என்றார் மெதுவாக. "ஒரு மிருகத்துக்காக இவ்வளவு காலமும் காப்பாற்றினதை விடுறதோ? கொம்மா கேட்டால் என்ன சொல்லுவா? என்ர ஆயுளையும் ஒருக்கா யோசி."

"உங்கட ஆயுளைப் பற்றித்தானே அவவும் கதைக்கிறா."

"அது சிங்கம் பிடிச்சால். இது நிச்சயம்."

தவநாயகி ஆசையாய் வாங்கி மூன்று மாதமாய் வைத்திருந்த காற்சட்டையை ஒருதரம் குனிந்து பார்த்தாள். அதைப் பார்க்காதவர்போல கனகலிங்கம் முன்னால் நடந்தார்.

புல்வெளி முடிந்து பன்னம் என்கிற பெரணிப் புதர்களுக்குள் பாதை நுழைந்தது. புதர்கள் ஆளுயரம், பழுத்துச் செம்மண் நிறத்தில். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லொறி ஒன்று தன் வயிற்றுக்குள் இன்னொரு லொறியை விழுங்கிவிட்டு ஏவறை விட்டால் எப்படி இருக்கும், அப்படி. கனகலிங்கம் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"கலைமான்" என்றாள் இசபெல் தாழ்ந்த குரலில். "இது அவை பெண்மானுக்காகச் சண்டை பிடிக்கும் மாதம். எல்லாவற்றோடும் சண்டை பிடிக்கும். நெருக்கமாக வாருங்கள்."

நெருக்கமாக வா என்றால் பிந்தவேண்டும் என்று கனகலிங்கத்தின் மூளை கணக்குப் போட்டது. வரிசையைக் குலைத்தவன் எந்தப் பரீட்சையிலும் தேறமாட்டான். குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினார். பிறகு மற்றதை. நிமிர்ந்தபோது குருமூர்த்தியின் முதுகு வளைவில் மறைந்துகொண்டிருந்தது. பின்னால் தவநாயகி கொஞ்சத் தூரத்தில் நின்றாள். நடுவில் அவர் தனியே.

காற்று நின்றுவிட்டது. ஏதோ நாறியது. நனைந்த கம்பளியும் மூத்திரமும் கலந்த நாற்றம். இடது பக்கம் புதருக்குள் ஒரு சுள்ளி முறிந்தது. பிறகு இன்னொன்று, இன்னும் கிட்ட. பார்க்கக்கூடாது, பார்த்தால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு கனகலிங்கம் தன் சப்பாத்தையே பார்த்தார். தேவாரத்தில் ஒரு வரி ஞாபகம் வரட்டும் என்று தேடினார். ஸ்டேசன் ஒலிபெருக்கியின் "மைண்ட் த காப்" மட்டுந்தான் வந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள் தவநாயகி.

அந்தக் குரல் அவளுடையதாக இல்லை. ஆனால் அவருடைய கால்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பழகிய உடம்பு திரும்பியது. திரும்பும்போதுதான் கண்டார்.

அது மான் இல்லை. மான் என்றால் கோவில் சித்திரத்தில் புள்ளியோடு நிற்கும். இது ஒரு மாட்டை விடப் பெரியது. கழுத்தில் சேறும் மயிரும். கொம்பு இரண்டும் தேர் உயரம், அதில் பிடுங்கிய பன்னச்செடி தோரணம்போலத் தொங்கியது. எச்சில் நூலாக வடிய, தலையைப் பதித்து, அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது.

கனகலிங்கத்துக்குள் இருந்த எல்லாம் ஓடு என்றது. இசபெலின் விதி எங்கோ பக்கத்து நாட்டில் கேட்டது. இடது காலைத் தூக்கினார். மான் கொம்பை இன்னும் பதித்தது. அவர் ஓடினால் அதுவும் ஓடும் என்பது அதன் கண்ணில் எழுதியிருந்தது. அது தெரிந்தும் வலது குதிகாலும் நிலத்தைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"கனகலிங்கம்."

சத்தமாக இல்லை. ஒவ்வொரு எழுத்தும் முழுசாக.

உலகத்தில் யாரோ கனகலிங்கம் என்ற ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவருடைய தாய் கூப்பிட்டிருக்கிறாள், வாத்திமார் கூப்பிட்டிருக்கிறார்கள், டிப்போவில் மனேஜர் வாய்க்குள் போட்டு மென்று துப்பியிருக்கிறான். இந்த வாய் கூப்பிட்டதில்லை. அதிர்ச்சியில் அவர் உறைந்தார். தூக்கிய கால் தூக்கியபடி, சிதம்பரத்து நடராசரைப்போல நின்றார். கண் இமைக்கவில்லை. மூச்சும் விடவில்லை. ரத்தமே ஓடவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

மான் பார்த்தது. ஒருபக்கமாகத் தலையைச் சரித்து இன்னொருதரம் பார்த்தது. இது சண்டைக்கு வந்த மரமா, சும்மா நிற்கிற மரமா என்று யோசித்ததுபோல. பிறகு புதருக்கு அப்பால் வேறொரு மான் உறுமியது. இது மூக்கால் ஊதிவிட்டு, அவருடைய தொப்பி விளிம்பு காற்றில் ஆட, பக்கத்தால் கடந்துபோனது.

வளைவில் இசபெல் நின்றுகொண்டிருந்தாள், கையை உயர்த்தியபடி. அவள் முகமும் வெளிறியிருந்தது. மான் தூரப்போனபிறகு கிட்ட வந்தாள்.

"இருபது வருசத்தில் இப்படி ஒருவர் நின்றதை நான் பார்த்ததில்லை" என்றாள். "ஒற்றைக் காலில். நீங்கள் இருவரும் வருகிறீர்கள். உங்களை விட்டுவிட்டு நான் போகமாட்டேன்."

கனகலிங்கம் காலை இறக்க முயன்றார். குருமூர்த்திதான் பிடித்து இறக்கிவிட்டார்.

தவநாயகி பாதையோரத்தில் குந்தியிருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சொல்லிப்போட்டன்" என்றாள். "சொல்லிப்போட்டன்."

ரிச்மண்டிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு ஒரே ரயில். தான் ஓட்டிய பாதையில் கனகலிங்கம் பயணியாக இருந்தார், மடியில் தொப்பி. ரயில் ஹமர்ஸ்மித்தைத் தாண்டியது.

"எத்தினை வருசம் குறைஞ்சிருக்கும்?" என்று கேட்டாள் தவநாயகி.

அவர் யோசித்தார். குறைந்துவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள், ஆபிரிக்காவும் இல்லை. சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவளைப் பார்த்தார். காற்சட்டை முழங்காலில் சேறு. விரல்கள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தன.

"நீ சொல்லாட்டி மிச்சம் முழுக்க அங்கையே முடிஞ்சிருக்கும்" என்றார். "குறைஞ்சது ஒண்டுமில்லை. கூடியிருக்கு."

"மெய்யாவோ?"

"மெய்யா."

அவள் மூக்கைத் துடைத்தாள். அப்டன் பார்க் வந்தபோது, "பயந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் கனகலிங்கம். வேசம் கலைந்த சத்தம் அவருக்கே கேட்டது. "செத்தே போயிட்டன். ஸாம்பியாவை நினைச்சு மூண்டு மாசமா நித்திரை இல்லை."

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் கட்டில் ஆடுறது." அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "நான் பின்னால வருவன்தானே."

ஈஸ்ட் ஹாம் வந்தது. கனகலிங்கம் எழும்பிக் கதவடிக்குப் போனார். கதவு திறந்தது. வெளியே கால் வைக்கப் போனார்.

"கனகலிங்கம்" என்றாள் தவநாயகி பின்னாலிருந்து. "தொப்பி."

அவர் அப்படியே நின்றார். கதவுக்கு உள்ளே, ஒரு கால் அந்தரத்தில், கண் இமைக்காமல். இறங்க வந்தவர்கள் அவரைச் சுற்றி ஒதுங்கி இறங்கினார்கள். கதவு பீப் பீப் என்று கத்தி, அவர் மூக்கு நுனிக்கு முன்னால் மூடியது. ரயில் பார்க்கிங் பக்கமாக நகர்ந்தது.

"நல்லதாப் போச்சு" என்றாள் தவநாயகி, தொப்பியை அவருடைய தலையில் வைத்தபடி. "மகளிட்டப் போய் பாஸ் எண்டு சொல்லிப்போட்டு வருவம். காலை இறக்குங்கோ."