மாமனார் சுளித்த முகம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று காலை சமையலறைப் பையைத் திறந்ததும் வந்தது. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வாங்கி வைத்திருந்த, தக்காளி போலிருக்கும் பன்னிரண்டு பெர்சிமன் காய்களும் கொழகொழவென்று பழுத்துக் கிடந்தன. யாரோ உள்ளே இரண்டு வாழைப்பழத்தைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யாரோ என்ன, என் மாமனார்தான்.

பழியில் பாதி எனக்கும் உண்டு. அவருக்குக் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று, சாப்பாட்டு மேசையில் நான் ஒரு பிரசங்கமே செய்தேன். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலத்தை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் குடல் அதை உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். பெர்சிமன் காயைத் துவர்க்க வைக்கும் டானின் நடுவில் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டால், கழிவோடு வெளியே போய்விடும். அப்புறம் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியதுதான். மறுநாளிலிருந்து மாமனார் தினமும் அந்தக் காயைக் கடித்து முகத்தைச் சுளித்தார். என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கடையில் அடுத்த சரக்கு வர இரண்டு வாரம் ஆகும், திங்கட்கிழமை அறிக்கை கொடுக்காவிட்டால் என் வேலை போய்விடும் என்று கத்திவிட்டு, அந்தக் கொழகொழப்பையே தூக்கிக்கொண்டு போனேன்.

உலர்த்திப் பொடித்து, பித்த அமிலத்தோடு கலந்து, உடம்புச் சூட்டில் குலுக்கி, தெளிந்த நீரில் பிடிபடாத அமிலம் எவ்வளவு மிச்சம் என்று அளந்தேன். துவர்ப்பு போனால் பிடிப்பும் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மிச்சம் கொஞ்சமே இருந்தது. முன்பு சோதித்த காய்க்குப் பழம் சளைக்கவில்லை. டானின் எங்கும் போகவில்லை, நாக்கில் கரையாதபடி இறுகிக் கிடந்தது, அவ்வளவுதான். மேலதிகாரி இதையே அறிக்கையாக எழுதச் சொன்னார். வேலையும் பிழைத்தது.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் பழுத்ததையே சாப்பிடலாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு மாசமா பழுத்ததுதாம்மா சாப்பிடுறேன். அந்தத் துவர்ப்பு என்னால முடியல. தனியா ஒரு பையில பழுக்க வெச்சுக்குவேன். அன்னிக்கு உன் பையை என்னுதுன்னு நெனச்சுட்டேன்."

"அப்போ தினமும் முகத்தைச் சுளிச்சீங்களே, மாமா?"

"நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான். இனிமே சுளிக்க வேண்டாம்ல?"