சின்னகெரேபள்ளி பூசப்பட்ட விதம்

2005ஆம் ஆண்டு ஆவணி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து, தேன்கனிக்கோட்டையில் புறப்பட்டு ஜவளகிரி போகும் பேருந்து ஆறு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. வழியில் இருந்த சின்னகெரேபள்ளி இல்லாமல் போனதுதான் காரணம். ஏழாவது கிலோமீட்டர் கல்லுக்கு அடுத்து ஒன்பதாவது கல் வந்தது. இரண்டுக்கும் நடுவே எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. பேருக்குள்ளேயே தமிழையும் கன்னடத்தையும் தெலுங்கையும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருந்த அந்த நாற்பது வீட்டு ஊரை யாரும் உடனே தேடவும் இல்லை. நடத்துனர் மட்டும் இரண்டு நாள் பழக்கதோஷத்தில் ஊரின் பேரைக் கூவிவிட்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். டிக்கெட் விலை குறையவில்லை. இதை எழுதுகிறவனும் அந்தப் பேருந்தில்தான் போய்வந்தான்; புது டிரைவர் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

ஊரைப் பூசியவன் சுபாஷ். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். ஓசூர் சிப்காட்டில் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் டச்-அப் வேலை. வரிசையாக வரும் பெட்ரோல் டேங்குகளில் கீறல் தெரிந்தால், அங்கே கீறலே விழுந்ததில்லை என்று ஆக்க வேண்டும். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, மோசமாகச் செய்தால் மேனேஜர்வரைக்கும் தெரியும் என்கிற வகை உத்தியோகம். எட்டு வருடமாக அவன் செய்த வேலையை ஒருவரும் பார்த்ததில்லை. அதுவே அவன் பெருமை, அதுவே அவன் குறை. கம்பெனி பஸ்ஸில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்ட மனைவி சுஜாதா, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான சின்னகெரேபள்ளிக்குப் போனதும், வாடகை வீட்டில் தனியாக இருந்த அவன், பெங்களூரில் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் போர் விமானத்தை எடுத்து ஒட்டினான். ஒரு சாண் நீளம்கூட இல்லை. யாராவது பார்க்கிற மாதிரி ஒன்றைப் பூச வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பூச எடுத்துக்கொண்டதோ கண்ணுக்குத் தெரியாமல் மறைவதற்கென்றே உள்ள திட்டுத்திட்டு வேஷம். இதில் இருந்த முரண்பாடு அவனுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த வண்ணக் குறிப்பு முழுக்க ஜப்பானிய எழுத்து. வேறு யாராக இருந்தாலும் அட்டைப்படத்தைப் பார்த்து ஒரு பச்சை, ஒரு காவி என்று அடித்து முடித்திருப்பார்கள். டச்-அப் ஆட்களுக்கு அது முடியாது. கையில் ஒரு மாதிரி இருக்க வேண்டும். கலந்த பெயின்ட்டை ஒரு சொட்டு வைத்து, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் மாதிரியோடு ஒட்டிப் பார்த்து, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்கிறவரை திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். சுபாஷ் மாதிரிக்காக வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. மசக்கையில் சுஜாதா திருட்டுத்தனமாகத் தின்ற சொந்த ஊர்ச் செம்மண். மகள் கேட்டாள் என்று மாமனார் முனிவேல் சலித்துக் கொண்டுவந்தது. மூலையில் அவர் கொண்டுவந்து போட்ட சாக்கு. அதில் தோகையோடு கேழ்வரகுக் கதிர், புளியம்பட்டை, ஏரிச் சேறு காய்ந்த சேப்பங்கிழங்கு, ஊர்ச் சாலையின் தார் அப்பிய அவருடைய பழைய செருப்பு ஒன்று. ஆக, எல்லா ஷேடும் கிடைத்துவிட்டது.

திட்டுகள் எப்படி வர வேண்டும் என்பதற்கு, கல்யாணமான புதிதில் சுஜாதாவோடு பாறைமேல் ஏறிப் பார்த்த ஊரை நினைவில் வைத்துக்கொண்டான். இடது இறக்கையில் ஏரி, வலது இறக்கையில் காட்டை ஒட்டிய கேழ்வரகு வயல்கள், நடு உடம்பில் வீடுகள், மூக்கிலிருந்து பைலட் கண்ணாடிவரை பஸ் ஸ்டாப்பிலிருந்து மாமனார் வீட்டுக்குப் போகிற தார் ரோடு. ஏற்கெனவே மெலிந்த பிரஷ்ஷில் பாதி மயிரை பிளேடால் கழித்தான். பெயின்ட்டைப் பால்போல நீர்க்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூக்கிலிருந்து வால் பக்கமாக ஒரே திசையில் இழுத்தான். ஒவ்வொரு திட்டுக்கும் மூன்று கோட்டிங், ஒவ்வொன்றும் காய ஒரு நாள். முதல் ஷிப்ட் முடிந்த முப்பத்தொரு மதியங்கள் ஆயின. அந்தச் செவ்வாய்க்கிழமை ஜன்னலோரம் மண்ணையும் இறக்கையையும் ஒட்டிவைத்துப் பார்த்தபோது வித்தியாசம் சுத்தமாக இல்லை. எட்டு வருடத்தில் அப்படி ஒரு ஷேடு அமைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனவன், ஏழாவது கல்லுக்கும் ஒன்பதாவது கல்லுக்கும் நடுவே நாலு முறை நடந்துவிட்டுத் திரும்பினான். ஊரில் இருந்த ஒரு ரூபாய் போன் மட்டும் வேலை செய்தது. அதில் சுஜாதா கூப்பிட்டாள்.

“ஏன் மாமா வரல?”

“வந்தேன். ஊரக் காணோம்.”

“என்னாது?”

“உங்க ஊரு அங்க இல்ல, சுஜா.”

“ஊரு இல்லாம நான் எங்க ஒக்காந்து பேசறனாம்? லீவு குடுக்கலன்னா குடுக்கலன்னு சொல்லு. குடிச்சிருக்கியா?”

ஊருக்குள் எல்லாம் வழக்கம்போல இருந்தது. கோழி கூவியது, தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. பஸ் ஸ்டாப்பில் நின்று கைகாட்டியவர்களை எல்லா பஸ்ஸும் பார்க்காமல் போயின. அது முன்பும் நடந்ததுதான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. உரம் வாங்க நடந்தே தளிக்குப் போன கரியப்பன் திரும்பி வர வழி தெரியாமல் ஐந்து நாள் ஒன்பதாவது கல்மேல் உட்கார்ந்திருந்த பிறகுதான் விஷயம் போன் வழியாக ஊருக்கு எட்டியது. வெளியே போனால் திரும்ப முடியாது என்று ஆனதால் யாரும் வெளியே போகவில்லை. கரியப்பன் உரமூட்டையோடு சுபாஷ் வீட்டுக்கு வந்து தங்கினார். டிவிமேல் இருந்த விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதா பாருங்க எங்கூட்டுப் புளியமரம்,” என்றார். “ஊர இங்க கொண்ணாந்து வெச்சிக்கினு, அங்க போய்த் தேடினா எப்படிங்க கெடைக்கும்?” சுபாஷ் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்டு வாலில் ஒரு கடுகளவு துடைத்தான். மறுநாள் பால் வண்டிக்காரர், ரோட்டோரம் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் தனியாக நிற்பதாகச் சொன்னார்.

முழுக்கத் துடைத்திருப்பான். போனில் முனிவேல் தடுத்தார். புரட்டாசி வந்தும், வருடாவருடம் கேழ்வரகு தின்ன வரும் யானைகள் வரவில்லை. காட்டோரம் வந்து, கடை மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்களைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குழம்பித் திரும்பின. ஆறு வருடமாகப் பரண்மேல் தகரம் தட்டிக் கழுத்து நரம்பு புடைத்தவர்கள் வீட்டில் படுத்துத் தூங்கினார்கள். கேழ்வரகு இடுப்புயரம் வந்து கதிர் பிடித்திருந்தது. “அறுப்பு வரைக்கும் பொறுங்க மாப்ள. நாப்பது ஊட்டு சோறு உங்க கையில இருக்குது,” என்றார். அறுப்பு கார்த்திகையில். பிரசவம் ஐப்பசியில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊருக்குள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. வெளியே இருந்து யாராலும் வரவும் முடியாது. எந்த வண்டியும் நிற்காத ரோட்டில் நிறைமாதக்காரியை நடத்திக் கூட்டிப்போகவும் முடியாது. துடைத்தால் சோறு போகும், துடைக்காவிட்டால் சுஜாதா. சுபாஷ் கம்பெனியில் கீறல் இல்லாத டேங்குகளுக்கும் டச்-அப் செய்ய ஆரம்பித்தான்.

தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. முனிவேல்தான். வலி கண்டுவிட்டது என்றார். பிறகு, “தொடச்சிருங்க மாப்ள, ராகி போனா போவுது,” என்றார். சுபாஷ் தெருமுனையில் இருந்த நாராயணப்பனின் ஆம்னி வேனைப் பிடித்தான். கரியப்பன் உரமூட்டையோடு பின்னால் ஏறினார். ஏழாவது கல்லில் வண்டியை நிறுத்தச் சொல்லி, விமானத்தை மடியில் வைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தின்னரில் நனைத்து மூக்கு நுனியைத் தொட்டான். முன்னால் பஸ் ஸ்டாப் வந்தது. ரோட்டைத் தவிர எதிலும் படாமல் ஒரு மயிரகலம் துடைத்தான். பத்து கஜம் ரோடு வந்தது. நாராயணப்பன் இருபது வருடமாக எல்லைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர். ரோடு இல்லாத இடத்தில் ஓட்டிப் பழக்கம் உண்டு. முதல் கியரில் போட்டு ஊர்ந்தார்.

“ஸ்வல்ப, இன்னும் கொஞ்சம் தொடைங்க சார், வளைவு தெரியல.”

“குலுக்காம ஓட்டுங்கண்ணே. பக்கத்துல வயக்காடு இருக்கு.”

“பள்ளத்தையும் நீங்கதான தொடச்சி எடுக்கறீங்க. அத உட்டுட்டுத் தொடைங்க.”

ஆனால் ரோட்டை ஷேடு தவறாமல் பூசியவன் பள்ளத்தையும் பூசியிருந்தான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பஞ்சு வலது இறக்கைக்கு வழுக்கி ஒரு கடுகளவு இடத்தை இழுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, காடாக இருந்த இடத்தில் அரை ஏக்கர் கேழ்வரகு திடீரென்று நின்றது. யாருடைய நிலம் என்று கரியப்பனுக்குத் தெரிந்தது. பைலட் கண்ணாடிவரை துடைத்ததும் ரோட்டின் முடிவில் ஒரே ஒரு ஓட்டு வீடு தெரிந்தது; வாசலில் அம்மா மாதம்மாள் தோளில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு சுஜாதா நின்றாள்.

“இப்பதான் ஊரு தெரிஞ்சுதா?” என்றாள் சுஜாதா. வேனில் ஏறியதும் அவன் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். தேன்கனிக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் இரண்டே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. கரியப்பன் தன் வீட்டை மனைவி கெம்பம்மா திட்டுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தார். அந்த வாரமே யானைகள் வந்து, கண்ணுக்குத் தெரிந்த அரை ஏக்கரைத் தின்றுவிட்டு, பக்கத்திலிருந்த மற்ற வயல்களை உரசிக்கொண்டே திரும்பிப் போயின. அது முனிவேலின் நிலம். மற்றவர்கள் கார்த்திகையில் மூட்டை மூட்டையாக அறுத்தார்கள்.

அந்த அரை ஏக்கரை மறுபடி பூசித் தருவதாக சுபாஷ் பிரஷ்ஷோடு போய் நின்றான். முனிவேல் விமானத்தை வாங்கி, துடைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “உடுங்க மாப்ள. அதுங்களும் எங்கதான் போவும்,” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் முதலில் அந்த அரை ஏக்கரைத்தான் விதைக்கிறார். ஜவளகிரி பஸ் இப்போது சரியான நேரத்துக்கே போகிறது. யானைக்குப் பயந்து மீதி ஊரைத் துடைக்க யாரும் கேட்கவில்லை; எட்டாவது கல் இன்னும் கிடைக்கவில்லை. நடத்துனர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விசில் ஊதுகிறார். இறங்குகிறவர்கள் ரோட்டோடு நேராக அந்த ஓட்டு வீடுவரை நடந்து, அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மற்ற வீடுகளுக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போகிறார்கள்.