கட்டிங் வேஸ்ட்

மார்கழிப் பனியில் கோயில் ஒலிபெருக்கி கரகரத்து எழும்போதே கம்பெனியில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மணி ஆறுகூட ஆகவில்லை. பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். போனால் மூன்று மணி நேரமோ நான்கோ, யாருக்கும் தெரியாது. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. கரண்ட் எப்போது இருக்கிறதோ அப்போது ஆட்கள் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த 2008 டிசம்பரில் திருப்பூரின் ஏற்பாடு.

ரோஸ்மேரிக்கு ஓவர்லாக் மிஷின். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துத் தோளை மூட்ட வேண்டும். பெடலை ஒரு மிதி மிதித்தால் கத்தி ஓரத்தை நறுக்க, நான்கு நூல்கள் பின்னிக்கொண்டு ஓடும். பீஸை இடப்பக்கம் எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். நறுக்கிய ஓரத்திலிருந்து பறக்கும் பஞ்சு இமையில் படியும், மூக்கை அடைக்கும். எட்டு மணிக்கெல்லாம் தொண்டையில் கம்பளி முளைத்ததுபோல் இருக்கும். இருமுவதற்கும் நேரமில்லை, பீஸ் கணக்குக் கூலி. அந்தப் பீஸ் ரேட்டையும் தீபாவளி முடிந்த கையோடு குறைத்துவிட்டார்கள்.

"ரோசுக்கண்ணு, பண்டிகை வேலையெல்லாம் ஆரமிச்சாச்சா?" என்றாள் பக்கத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த சுப்பாத்தாள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாலும் கத்தரி பிடித்த விரல் நிற்காது.

"எங்கக்கா? ஒண்ணொண்ணாக் கழிச்சிக்கிட்டே வாரேன். கடைசில ஏசு மட்டும் மிஞ்சுவாரு போல."

சுப்பாத்தாள் சிரித்தாள். ரோஸ்மேரி சொன்னது வெறும் வேடிக்கையில்லை. விளாத்திகுளம் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போய்வரும் பஸ் செலவு முதலில் கழிந்தது. பிறகு அவள் புருஷன் ஞானமுத்துவின் புதுச் சட்டை. அவன் வேறொரு கம்பெனியில் அயர்ன் போடுகிறவன், அங்கே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. ஆட்டுக்கறி கோழிக்கறியாயிற்று. பேக்கரி கேக், வீட்டில் சுடும் அதிரசமாயிற்று. வாசலில் தொங்கவிடும் நட்சத்திரம் போன வருடத்தது, கிழிந்த இடத்தில் தாள் ஒட்டியாகிவிட்டது. கழிக்க முடியாமல் நின்றது ஒன்றுதான். ஆறு வயது ஷைனிக்கு ஒரு சிவப்புக் கவுன். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் அவள் வசனம் ஒப்பிக்கிறாள். சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு வருவேன் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

கம்பெனிக்குக் கிறிஸ்துமஸ் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. மான் படம் அச்சடித்த சிவப்பு இரவு உடைகள், எல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு. அதற்கு முந்தின இரண்டு மாதமும் அரை ஷிப்ட் சேர்த்து வேலை வாங்கினார்கள். பெட்டிகள் கப்பலேறிய பிறகு அடுத்த ஆர்டர் வரவில்லை. அங்கே பேங்குகள் திவாலாகின்றன என்றார்கள். எந்த ஊர்ப் பேங்கோ விழுந்ததற்கு ரோஸ்மேரியின் கூலி எப்படிக் குறைந்தது என்பதை யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

கைக்குழியும் கழுத்தும் வெட்டும்போது பிறை பிறையாகத் துணி விழும். கட்டிங் வேஸ்ட் என்று மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் விற்றுவிடுவார்கள். அந்தச் சிவப்பு உடைகளை வெட்டியபோதே ரோஸ்மேரி சூப்பர்வைசர் சென்னிமலையிடம் கேட்டாள். "வேஸ்ட்டுத்தானக்கா, எடுத்துக்குங்க" என்றான் அவன். சிவப்புப் பிறைகளாகப் பார்த்து நாற்பத்தைந்து துண்டு எடுத்து மிஷின் டிராயரில் வைத்தாள். கரண்ட் இல்லாத நேரங்களில் மடியில் பரப்பி, ஷைனியின் கவுனுக்கு எதோடு எது சேரும் என்று பொருத்திப் பார்த்தாள். கரண்ட் இருக்கும் நாளில் சாப்பாட்டு நேரத்தில் அவசர அவசரமாக மூட்டினாள். தையல்கள் கவுன் முழுக்க அலை அலையாக ஓடின. தெரியாதவர்கள் பார்த்தால் வேண்டுமென்றே வைத்த டிசைன் என்பார்கள்.

அன்று சனிக்கிழமை, பண்டிகைக்கு முந்தின கடைசிச் சம்பள நாள். கவுன் முடிந்திருந்தது. டிபன் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கு வெளியே வந்தாள்.

வாட்ச்மேன் ராக்கையா வழக்கமாகப் பையைக் கையால் தட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார். அன்று பக்கத்தில் முதலாளி மோகன்ராஜ் நின்றிருந்தார். ராக்கையா பையைத் திறந்தார். சிவப்பைக் கண்டதும் மூடிவிடலாமா என்று அவர் கை ஒரு கணம் தயங்கியது. அதற்குள் முதலாளி பார்த்துவிட்டார்.

"உள்ள வாங்க, ரோஸ்மேரி. உக்காருங்க."

கோபத்திலும் 'ங்க'வை விடாத மனிதர். கவுனை மேசைமேல் விரித்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரோட துணிங்க?"

"வேஸ்ட்டுல கெடந்ததுங்க. சூப்பர்வைசர் அண்ணங்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்."

கதவருகில் நின்ற சென்னிமலை தன் செருப்பைப் பார்த்தான். "மிஷின் தொடைக்கறதுக்குக் கேக்கறாங்கன்னு நெனச்சனுங்க."

"நூலு யாருதுங்க?"

"கம்பெனி நூலுங்க."

"மிஷினு?"

"கம்பெனி மிஷினுங்க."

"ஓடுன கரண்ட்டும் என்றதுதான். அப்ப இதுல உங்களுது என்னங்க இருக்குது?"

ரோஸ்மேரி கவுனைப் பார்த்தாள். "தச்சது நானுங்க."

மோகன்ராஜ் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் தெச்சிருக்கறீங்க, இல்லைங்கல. ஆனா ஆர்டர் இல்லாத காலத்துல வேஸ்ட்டு வித்துத்தானுங்க ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தறேன். நீங்க ஒரு புடி, அவங்க ஒரு புடின்னா நான் எங்க போறது? போலீஸ் கீலீஸ் எல்லாம் வேண்டாமுங்க. திங்கக்கெழமை ஒரு லெட்டர் அடிச்சு வெக்கறேன். கையெழுத்துப் போட்டுட்டுக் கூலிக் கவரை வாங்கிக்குங்க."

மேசைமேல் இருந்த அவளுடைய கூலிக் கவர் டிராயருக்குள் போயிற்று. கவுனும் போயிற்று.

வீட்டில் ஷைனி தம்பி தனுஷோடு வாசலில் நட்சத்திரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி அவளைத் தாண்டி உள்ளே போய், அடுப்படியில் ஞானமுத்துவிடம் மெல்லச் சொன்னாள்.

"கையெழுத்துத்தானளா? போட்டுட்டுக் கவர வாங்கிட்டு வா," என்றான் அவன்.

"களவாண்டேன்னு எழுதியிருப்பாவ."

"எழுதுனா எழுதிட்டுப் போறான். அதப் படிச்சா நீ களவாணி ஆயிருவியா? அந்தக் கவர விட்டா வேற துட்டு ஏது? எனக்கு இனிப் புதன்கெழமைதான் வேல. வியாழக்கெழமை பிள்ளையளுக்கு என்னத்தப் போடுவ, ஊர்ல எங்க அம்மைக்குத் துட்டு அனுப்பாம என்ன பதில் சொல்லுவ?"

"நீங்க சொல்லுதது சரிதான்," என்றாள். சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைத் தனக்குள் சொல்லிச் சொல்லித் திங்கட்கிழமைக்குள் மனதைப் பழக்கிவிட்டாள். கையெழுத்துப் போட்டுவிடலாம். ஒரு நிமிட வேலை.

ஆனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மோகன்ராஜ் மப்ளர் சுற்றிக்கொண்டு தையல் பகுதிக்கே வந்துவிட்டார். கையில் அந்தக் கவுன். அறுபத்துச் சொச்சம் பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"எல்லாருக்கும் ஒரு சேதிங்க. வேஸ்ட்டு வெளிய போவுது. ரோஸ்மேரி ஒத்துக்கிட்டாங்க, மன்னிச்சாச்சு. இன்னைலேர்ந்து பொம்பளைகளை ரூமுக்குள்ள விட்டுத்தான் செக் பண்ணுவோம். அதுக்கு ஒரு லேடிய வெச்சிருக்கறேன். துண்டுத் துணி இருந்தாலும் அந்த வாரக் கூலி கெடையாதுங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பார்த்துக்கொள்ளவில்லை. இருபத்தெட்டுப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

முதலாளி தாளை ரோஸ்மேரியின் மிஷின்மேல் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். அவள் வாசித்தாள். தான் திருடியதாக மூன்று வரி. அதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். நான்காவது வரி, 'என்னைப்போல் துணி எடுத்துச் செல்பவர்கள்' என்று தொடங்கியது. அதற்குக் கீழே காலி இடம்.

"இது என்னங்க?"

"நாலு பேரு எழுதுனாப் போதுமுங்க. கவரு இப்பவே. கவுனும் எடுத்துக்குங்க, கொழந்தை போடட்டும்."

ரோஸ்மேரிக்கு நான்கு பேரைத் தேட வேண்டியதில்லை. இருபத்தெட்டுப் பேரையும் தெரியும், எதற்காக எடுக்கிறார்கள் என்பதும் தெரியும். பேனா தாளின்மேலேயே நின்றது. ஷைனி வசனம் ஒப்பிக்கும் குரல் காதுக்குள் கேட்டது. எதிர் வரிசையில், போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த கவிப்பிரியா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். பதினெட்டு வயது. காலையில் வந்ததும் ரோஸ்மேரியின் காதோரம் வந்து, "அக்கா, ஒரு துணி இருக்குமா?" என்று கேட்டு வாங்கிப் போனவள்.

"அந்தப் பொண்ண எதுக்குங்க நிறுத்தி வெச்சிருக்கறீங்க? என்ற பேரை எழுதுங்க."

சுப்பாத்தாள்தான். கத்தரியைக் கீழே வைக்காமலே முன்னால் வந்தாள்.

"நீங்க என்னத்தச் சுப்பாத்தா எடுத்தீங்க?"

"மொதலாளி, எனக்குத் தீட்டு நின்னு அஞ்சு வருசமாச்சுங்க. இனி எனக்கென்ன வெக்கம், நானே சொல்லிப்போடறேன். மாசாமாசம் மூணு நாளு இந்தப் பொம்பளைக எதைக் கட்டிக்கிட்டு உங்க மிஷின்ல குந்தியிருக்கறாங்கன்னு நெனைக்கறீங்க? இந்த வேஸ்ட்டைத்தானுங்க. கடையில விக்கற பாக்கெட்டு வாங்கக் கூலி பத்தாதுங்க. கக்கூசுக்குப் போவ டோக்கன் குடுக்கறீங்க, ரெண்டு தடவைக்கு மேல இல்லைங்கறீங்க. நாங்க என்னதான் பண்றதுங்க?"

இத்தனை வருடத்தில் அந்த ஹாலில் யாரும் உரக்கச் சொல்லாத பேச்சு. மோகன்ராஜின் முகம் சிவந்தது.

"ஆம்பளைக நிக்கற எடத்துல இதென்ன பேச்சுங்க?"

"ரூமுக்குள்ள நிறுத்தி அவுத்துப் பாக்கலாம், வாயில சொல்லத்தான் கூடாதுங்களா?"

ரோஸ்மேரி பேனாவை மூடினாள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. என் கூலியத் தாங்க. பிள்ள கவுனையும் தாங்க."

"அப்ப இனி வேலைக்கு வர வேண்டாமுங்க."

தைக்க எடுத்த காலர் துணியைப் பிடித்தபடி நின்ற காசிமாயன் அதைக் கீழே போட்டான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருப்பவன், இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததே அதிசயம்.

"அக்காவுக்கு வேல இல்லேன்னா எனக்கும் முடியலண்ணே. வயித்த வலிக்குது."

"உனக்கென்ன வயித்து வலி?"

"மூணு நாளைக்கு இருக்கும்ணே."

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கவிப்பிரியா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மோகன்ராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கரண்ட் இன்னும் மூன்றரை மணி நேரம்தான்.

"வெளிய போறவங்க போங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆளுக்கா பஞ்சம்? எத்தனையோ கம்பெனி மூடிக் கெடக்குது."

அது உண்மை. எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதனால் எல்லோரும் வெளியே வந்துவிடவில்லை. நாற்பத்தொரு பேர் வந்தார்கள். உள்ளே தங்கியவர்களின் மிஷின்கள் சில ஓடின, நின்றன, மறுபடி ஓடின. சென்னிமலை வாசற்படிவரை வந்து அங்கேயே நின்றுகொண்டான். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

கம்பெனிச் சுவரோரம் இளவெயில் விழுந்திருந்தது. பெட்டிக்குள் வைக்கும் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் காசிமாயன் எழுதினான். ரோஸ்மேரியின் கூலி. கவுன். ரூமில் சோதனை கூடாது. மாதத் துணி கம்பெனியே தர வேண்டும். "டோக்கன எடுக்கணும்னு போடு," என்றாள் ஒருத்தி. "கொறச்ச ரேட்டு?" என்றான் இன்னொருவன். அதையும் எழுதினான். யூனியன் ஆபீஸுக்கு யாரோ போன் போட்டார்கள். மதியம் ஆள் வருவதாகச் சொன்னார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி வந்தபோது ரோஸ்மேரி அட்டையை வாங்கித் தன் பெயரை எழுதினாள். அடுத்ததாகக் கவிப்பிரியா கை நீட்டினாள்.

ஒன்பது மணிக்குமேல் ஞானமுத்து காலிக் காய்கறிப் பையோடு வந்தான். கவரை வாங்கிக்கொண்டு அப்படியே மார்க்கெட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சுவரோரம் உட்கார்ந்திருந்த கூட்டத்தைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான்.

"கவரு?"

"தரல. பேரு எழுதிக் குடுக்கச் சொன்னாவ. நான் எழுதல."

"யாரு பேர?"

ரோஸ்மேரி சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினாள். ஞானமுத்து ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"அப்ப பண்டிகை?"

"வியாழக்கெழமை வரும். வராம எங்க போவும்?" சொல்லிவிட்டு அவன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "ஷைனிட்ட என்ன சொல்லன்னுதான் தெரியல."

"அட, அரை லிட்டரு நெய்யி நான் கொண்டாறேன், கண்ணு," என்றாள் சுப்பாத்தாள்.

"கோழி என் பொறுப்புக்கா," என்றான் காசிமாயன். "யாரு வீட்டுக் கோழின்னு மட்டும் கேக்கக் கூடாது. அப்பறம் எனக்கும் ஒரு லெட்டர் அடிச்சிருவாரு."

கேட்டுக்குள்ளிருந்து ராக்கையா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனார்.

ஞானமுத்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். மார்க்கெட் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு காலிப் பையை நான்காக மடித்துத் தரையில் போட்டு, மனைவிக்குப் பக்கத்தில் அதன்மேல் உட்கார்ந்தான்.