கத்தாத பஸ்ஸர்

ஸ்பேனர் முதலில் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி நெற்றியைக் கிழித்தது. கலைவேந்தன் கையைத் தூக்கித் தடுத்தானே தவிர, விஜயராணியைத் திருப்பி அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"குடிச்சிட்டு பம்ப பாக்காம வுட்டியாடா? எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு காலும் போச்சேடா, பாவி!"

திருபுவனையில் இருந்த அந்தக் கிரானைட் கம்பெனியில் கல்லைத் தூக்குவது வேக்குவம்தான். பம்பு காற்றை உறிஞ்ச, ரப்பர் கப்புகள் பலகைக்கல்லைக் கவ்விக்கொள்ளும். பிடி தளர்ந்தால் பஸ்ஸர் அலறும். கீழே நிற்பவர்கள் ஓடிவிடுவார்கள். போன வாரம் கல் விழுந்தபோது அவள் கணவன் இருசப்பன் ஓடவில்லை. பம்பைப் பராமரிக்கும் கலைவேந்தன் குடித்திருந்தான் என்று சூப்பர்வைசர் அன்புராஜ் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். சொட்டுகூடக் குடிக்காதவன் கலைவேந்தன். ஆனாலும் தன் கையில்தான் ஏதோ தப்போ என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றுதான் அவனை மறுபடி வேலைக்கு உள்ளே விட்டிருந்தார்கள்.

அவள் மறுபடி ஓங்கியபோது அவன் கண் பம்பின் மீட்டரில் விழுந்தது. முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு மேல் பலகைக்கல் ஒன்று தொங்கியது. தூக்கிய ஆபரேட்டர் சண்டையைக் கண்டு ஒதுங்கியிருந்தான். பஸ்ஸர் மூச்சு விடவில்லை.

"நவுருக்கா! கல்லு வுழுது!"

"இன்னாடா, என்னியே ஏமாத்துறியா?"

பேச நேரமில்லை. அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். அவன் முழங்கைத் தோலைச் சீவிக்கொண்டு கல் இறங்கியது. தரை அதிர்ந்தது. தெறித்த துண்டொன்று சுவரில் இருந்த பஸ்ஸர் பெட்டியைப் பிளந்தது.

விஜயராணி தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். உள்ளே ஒயரை யாரோ நறுக்கென்று வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். இருசப்பன் ஏன் ஓடவில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"இந்தப் பொட்டி சாவி யாருகிட்ட கீது?"

"அன்புராஜுகிட்ட மட்டுந்தான். இது கத்துனா வேல நிக்கிதுன்னு திட்டிக்கினே இருப்பாரு."

அவள் அழவில்லை. ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு சூப்பர்வைசரின் கண்ணாடி அறைப் பக்கம் நடந்தாள். கல் அறுக்கும் மிஷின்களின் இரைச்சலில் அங்கே எதுவும் கேட்டிருக்காது. அன்புராஜ் முதுகு காட்டி நின்று, போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

கலைவேந்தன் வாயைத் திறந்தான். ஓடிப்போய் ஒரு குரல் கொடுத்தால் போதும், அந்த ஆள் திரும்பிவிடுவான்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.